முதல் வாளி

1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 23ஆம் திகதி, சனிக்கிழமை. அப்போது எனக்கு எட்டு வயது. டயரி எழுதும் பழக்கம் வந்தது அதற்குப் பல வருடங்கள் கழித்துத்தான். ஆனாலும் திகதி தவற வழியில்லை. அது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை. என் பெருநாள் சட்டையில் கடை வாசம் இன்னும் போகவில்லை. கல்முனைப் பஸாரில் பெருநாளுக்கென்று போட்ட கொட்டில் கடைகளும் இன்னும் கழற்றப்படவில்லை.

அன்றைய காலை மற்றச் சனிக்கிழமைகளைப் போலவே தொடங்கியது. சுபஹுக்கு எழும்பினேன். லெவ்வையிடம் குர்ஆன் ஓதிவிட்டு வந்தேன். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டேன். முற்றம் கூட்டி, குப்பையை வேலியோரம் குவித்தேன். வாப்பா சிறுபோக அறுவடைக்காக வயல் வட்டையிலேயே தங்கியிருந்தார். பிறகு கிணற்றடிக்குப் போய்த் தனியாகக் குளித்தேன்.

தனியாக என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆறு வயது வரைக்கும் எனக்குக் குளிக்க வார்த்தவர் மாமா, உம்மாவின் ஒரே தம்பி. என்னைப் பெற்ற பிறகு உம்மாவுக்கு இடுப்பு வலி நிரந்தரமாகிவிட்டது. குனிந்து வாளி தூக்க முடியாது. வாப்பாவோ பாதி நாட்கள் வயலில் கிடப்பவர். ஆகவே அந்த வேலை மாமாவின் கைக்கு வந்தது. அவர் கல்முனையில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தார். வேலைக்குப் போகுமுன் என்னை அலுமினியச் சருவத்துக்குள் இருத்தி, அதற்குள் மிதக்கக்கூடியதாக எதையாவது போடுவார். சிரட்டை, சவர்க்காரப் பெட்டி, பிஸ்கட் டின்னின் மூடி. ஆனால் அவையெல்லாம் வெறும் அலங்காரம். விஷயம் முதல் வாளியில் இருந்தது.

முதல் வாளித் தண்ணீரை மாமா என் தலையில் ஊற்றமாட்டார். தன் தலையில் ஊற்றிக்கொள்வார். ஊற்றியதும் யாரோ அடித்துவிட்டதைப் போலத் துள்ளுவார். பிறகு ஒரு சத்தம் எழுப்புவார். பிரேக் பிடிக்கிற பஸ்ஸும் குளிரில் நடுங்குகிற ஆட்டுக்குட்டியும் சேர்ந்தால் வரக்கூடிய சத்தம் அது. அதன் முடிவில், உம்மா நிற்கிற குசினிப் பக்கம் திரும்பி, “ராத்தா, இந்தத் தண்ணி என்னக் கொல்லப் பாக்குது!” என்று கத்துவார். நான் சிரித்துக்கொண்டே தண்ணீருக்கு அடிப்பேன். மாமாவை அடித்த தண்ணீருக்கு நான் கொடுக்கிற தண்டனை அது. நான் அடித்து முடிவதற்குள் இரண்டாம் வாளி என் தலையில் இறங்கி முடிந்திருக்கும்.

பிறகு மாமா கலியாணம் முடித்தார். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவான். இதை யாரும் எனக்கு விளக்கவில்லை. விளக்கவேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றியிருக்காது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒருநாள் மாமா வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு ஒரு வான் வண்டியில் ஏறி நிந்தவூருக்குப் போனார், அதற்குப் பிறகு எங்கள் கொடியில் அவருடைய சாரன்கள் காயவில்லை என்பதுதான். தையல் கடை அதே இடத்தில் இருந்தது. அவரும் தினமும் வேலைக்கு வந்தார். ஆனால் பின்னேரம் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பாமல் நிந்தவூர் பஸ்ஸில் ஏறினார்.

அந்த வருடத் தொடக்கத்தில் மாமாவுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. எனக்கு ஒரு மச்சாள் கிடைத்துவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்டிருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். தையல் கடைக்கு அன்று லீவு சொல்லியிருந்தார். உம்மா வழக்கம் போல, சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்டார்.

“ஊட்ட சாப்பிட்டுத்தான் வந்த, ராத்தா.”

தேநீரில் சீனி கலக்கிக்கொண்டிருந்த உம்மாவின் கரண்டி ஒரு கணம் நின்றது. எனக்கும் அது கேட்டது. இரண்டு வருடங்களுக்கு முன் அவர் ‘ஊடு’ என்றால் அது இந்த வீடாக இருந்தது.

அவர் வந்த காரணத்தைச் சொன்னார். பிள்ளைக்கு எட்டு மாதமாகிறது, குளிக்க வார்க்க முடியவில்லை. தண்ணீரைக் கண்டதும் வீரிடுகிறது. பக்கத்து வளவுக்காரர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார்கள். ஓதிப் பார்த்தாயிற்று, கண்ணூறு கழித்தாயிற்று, வெந்நீரும் வைத்துப் பார்த்தாயிற்று. இதற்கிடையில் மாமா ஒரு தவறு செய்திருந்தார். எங்கள் ராத்தாவின் பிள்ளைக்கு நான்தானே குளிக்க வார்த்தேன், அவள் ஒருநாளும் அழுததில்லை என்று அந்த வீட்டுப் பெண்களிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் அந்த வித்தையை இங்கேயும் காட்டுங்கள் என்று மாமியும் மாமியின் தங்கைமாரும் பிடித்துக்கொண்டார்கள். குளிக்கிற நேரத்தில் விளையாட நல்ல சாமானாக வாங்கி வருகிறேன் என்று சொல்லி அவர் தப்பி வந்திருந்தார்.

“நீதான் வந்து எடுத்துத் தரவேணும்,” என்றார் என்னிடம். “சருவத்துக்க இருந்து பழகின ஆள் நீதானே.”

எனக்கு இரண்டு எண்ணங்கள் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்று பெருமை. கல்முனையில் இத்தனை பேர் இருக்க மாமா என்னைத் தேடி வந்திருக்கிறார். மற்றது, எனக்கு ஒருநாளும் கடையில் வாங்கிய சாமான் கிடைக்கவில்லை என்பது. எனக்குச் சிரட்டை, அவளுக்குக் கடைச் சாமான். இரண்டாவது எண்ணம்தான் நின்றது.

விஷயம் சாமானில் இல்லை, முதல் வாளியில் இருக்கிறது என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. அவர் அதை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறந்தது நல்லது என்றும் நினைத்தேன்.

தம்பியின் பெண்சாதி வீட்டுக்கு வெறும் கையோடு போகக்கூடாது என்று பெருநாளில் மிஞ்சிய தொதல் இனிப்பை உம்மா ஒரு டின்னில் போட்டுத் தந்தார். நான் பெருநாள் சட்டையை உடுத்துக்கொண்டேன்.

பஸாரில் நாங்கள் போன கொட்டில் கடை ஒரு மருதமுனைக்காரருடையது. வாசலில் ஒரு நீலப் பேசினில் தண்ணீர் நிரப்பி, மிதக்கக்கூடிய சாமான்கள் எல்லாவற்றையும் அதற்குள் விட்டிருந்தார். மஞ்சள் வாத்து, சிவப்பு மீன், பச்சைத் தவளை, ஒரு பந்து, தண்ணீர் ஊற்றினால் சுழலுகிற சக்கரம் வைத்த வாளி, சாவி முறுக்கினால் ஓடுகிற ஒரு வள்ளம். நான் ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர் உதறிப் பலகையில் வரிசையாக வைத்தேன். எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கிற குணம் எனக்கு அப்போதே இருந்தது.

வாத்தைக் கையிலெடுத்ததும் எனக்கு விளங்கிவிட்டது. மென்மையாக அமுங்கியது. எங்கும் கூர் இல்லை. அமுக்கினால் அடியிலுள்ள ஓட்டையால் மெல்லத் தண்ணீர் பீச்சியது. எப்படிப் போட்டாலும் நிமிர்ந்து நின்றது. எட்டு மாதப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமானது அந்தப் பேசினில் இல்லை. அதனால் அதைத்தான் முதலில் ஒதுக்கினேன்.

“வாத்து வேணாம் மாமா. உருவம் இரிக்கிற ஊட்டுக்க மலக்குமார் வரமாட்டாங்க.”

உயிருள்ளவற்றின் உருவம் இருக்கும் வீட்டுக்குள் வானவர்கள் நுழையமாட்டார்கள் என்று அந்தக் கிழமைதான் லெவ்வை சொல்லித் தந்திருந்தார். கடைக்காரர் வாத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்கு அது பொருந்தாது என்று லெவ்வை சொல்லவில்லையா என்று மாமா கேட்டார்.

“அந்தப் பாடம் இன்னும் வரல்ல.”

“சரி, மௌலவிசாப். அப்ப மீனும் தவளையும்?”

“அதுவும் உருவம்தான்.”

“மௌலவிசாப் இன்னும் கொஞ்சம் நிண்டா நான் கடய இழுத்து மூட வேண்டி வரும்,” என்றார் கடைக்காரர்.

பந்து கைக்குள் அடங்காது என்றேன். சக்கர வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் பெரிது, பயந்த பிள்ளை இன்னும் பயப்படும் என்றேன். இந்தக் காரணங்கள் இரண்டும் சரியானவை. சரியான காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே நான் பிழையான சாமானை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் வள்ளம் மட்டும் மிஞ்சியது. சிவப்பு அடி, வெள்ளை மேல்தட்டு, பின்னால் ஒரு சின்ன விசிறி. கடைக்காரர் சாவி முறுக்கிப் பேசினில் விட்டார். அது விர்ரென்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி மறுகரையில் முட்டியது. என் நெஞ்சும் கூடவே ஓடியது.

மாமா வள்ளத்தை வாங்கி, தைத்த துணியின் மடிப்பைப் பார்ப்பது போல அதன் விளிம்பைச் சுற்றிப் பெருவிரலை ஓட்டினார். தகர விளிம்பு கொஞ்சம் கூராக இருந்தது. நாடா ஒட்டிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, இது சின்னப் பிள்ளைக்குச் சரியாக வருமா என்று கேட்டார்.

“ஓம்.”

என் கணக்கு எளிமையானது. எட்டு மாதப் பிள்ளையால் சாவி முறுக்க ஏலாது. ஓடாத வள்ளத்தை அவள் விட்டுவிடுவாள். அது கடைசியில் எங்கே வந்து சேரும் என்பது எனக்குத் தெளிவாக இருந்தது. அதைவிட முக்கியமானது, அவள் தொடர்ந்து அழுவாள். அழுகிற பிள்ளையின் பக்கத்தில் யாரும் அதிக நேரம் நிற்கமாட்டார்கள், மாமாவும் அலுத்துப்போய்த் திரும்பி வந்துவிடுவார் என்று அந்த வயதில் நான் நம்பினேன்.

பஸ்ஸில் வள்ளத்தை என் மடியில் வைத்துக்கொண்டேன். வயல்களில் வெட்டிய கதிர் கட்டுக்கட்டாகக் கிடந்தது. மாமா யன்னலோரம் எனக்கு விட்டுத் தந்தார். நிந்தவூரில் இறங்கும் வரைக்கும் அவர் பழைய மாமாவாகத்தான் இருந்தார்.

அந்த வீட்டு வேலிக் கடப்பில் கால் வைத்ததும் அவர் நின்று ஒருமுறை இருமினார். இருமல் வந்து இருமவில்லை. நான் வருகிறேன் என்பதற்கான இருமல் அது. உள்ளே பெண்கள் முந்தானையை இழுத்துத் தலையில் போடுகிற அரவம் கேட்டது. ஒருவர் ஓடி வந்து கதிரையொன்றைத் துடைத்துப் போட்டார். மாமா அதில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அவர் கதிரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. படியிலோ வாசலிலோ குந்துவார், இல்லாவிட்டால் தரையில் சாய்ந்து கிடப்பார். இங்கே சேட் கையைக்கூட மடிக்காமல் உட்கார்ந்திருந்தார். மாமியின் வாப்பா அறுவடைக்கு வயலுக்குப் போயிருந்தார். எனவே அந்த நேரத்தில் வீட்டிலிருந்த ஒரே ஆண் அவர்தான். ஆனாலும் விருந்தாளி போலத்தான் இருந்தார்.

மாமியின் உம்மா என்னை அணைத்து முத்தமிட்டார். தொதல் டின்னை வாங்கி, உம்மாவின் இடுப்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். ஆனால் மருமகனோடு அவர் நேரே கதைப்பதில்லை. மருமகனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம், அவர் காதில் விழுகிற மாதிரி, தன் மகளிடம் சொல்வார். மருமகன் தேத்தண்ணி குடிக்கிறாரா என்று கேள். மருமகனுக்கு வெயில் படுகிறது, கதிரையை நகர்த்திப் போடு. அவ்வளவு மரியாதையையும் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. எங்கள் மாமாவை அவர்கள் வேறு யாரோவாக ஆக்கி வைத்திருந்தார்கள்.

பகல் லுஹர் தொழுகைக்கு முன் பிள்ளையைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே புதிய சருவம் ஒன்று இருந்தது, எங்களுடையதைவிட அகலமானது. மாமாவின் கதிரையும் கூடவே வந்தது. அவர் தண்ணீர் தெறிக்காத தூரத்தில் அமர்ந்தார். மாமியின் உம்மா பிள்ளையைச் சருவத்தில் இருத்தினார். பிள்ளை உடனே தொடங்கியது. அந்தச் சின்ன உடம்புக்குள் அவ்வளவு சத்தம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. வேலிக்கு மேலால் இரண்டு தலைகள் தெரிந்தன.

மாமி, நாடா ஒட்டிய வள்ளத்துக்குச் சாவி முறுக்கித் தண்ணீரில் விட்டார். அது விர்ரென்று ஓடிப் பிள்ளையின் முழங்காலில் முட்டியது. திரும்பி இடுப்பில் முட்டியது. பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, நீலம் பாரிக்கும் அளவுக்கு அழுதது.

மாமியின் உம்மா வள்ளத்தைப் பிடித்து எடுத்து, மகளைப் பார்த்துச் சொன்னார்:

“மருமகனுக்குச் சொல்லு, வள்ளம் நல்லம். ஆழ்கடலுக்குப் போறெண்டா உதவும்.”

பெண்கள் சிரித்தார்கள். மாமியின் தங்கை ஒருத்தி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, கல்முனை வித்தை இதுதானாக்கும் என்றாள். வேலிக்கு மேலிருந்த தலைகளும் சிரித்தன. மாமாவும் சிரித்தார். ஆனால் காது சிவந்திருந்தது. கைகள் முழங்கால் மேல் அப்படியே இருந்தன. அவர் என் பக்கம் பார்த்தார்.

நான் எண்ணியதெல்லாம் எண்ணியபடி நடந்துகொண்டிருந்தது. பிள்ளை அழுகிறது. மாமா கதிரையில் இருக்கிறார். முதல் வாளியை அவர் அவளுக்குக் கொடுக்கவில்லை. அதை எனக்கென்றே வைத்திருக்கிறார் என்று ஒரு கணம் உச்சி குளிர்ந்தது. ஆனால் அவர்கள் சிரித்தது என்னால் தாங்க முடியவில்லை. மாமாவைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை எங்கள் கிணற்றடிக்கு உரியது. அதையும் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

“எங்கட மாமாக்குக் குளிக்க வாக்கத் தெரியும்,” என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “அவர் கதிரையில இருந்து வாக்கிறல்ல. முதல் வாளி அவர்ர தலையிலதான் ஊத்துவார்.”

மாமியின் உம்மா என் பக்கம் திரும்பினார்.

“அப்பிடியா, மகள்? மறுகா?”

“மறுகா ஒரு சத்தம் போடுவார்.”

“என்ன சத்தம்?”

“எனக்கு ஏலா. அவருக்குத்தான் ஏலும்.”

மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியின் உம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு மகளிடம் சொன்னார்:

“மருமகனுக்குச் சொல்லு, தண்ணியும் கிடக்கு, வாளியும் கிடக்கு.”

மாமா எழும்பினார். கலியாணத்துக்கு அந்த வீட்டார் கட்டிய மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் தந்தார். சேட்டைக் கழற்றவில்லை. அத்தனை பெண்களுக்கு முன்னால் அவர் கழற்றியிருக்கவும் மாட்டார். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு சருவத்துக்கு எதிரே, ஈரச் சீமெந்தில், அப்படியே குந்தினார். வாளியை நிரப்பினார். வெள்ளைச் சேட்டும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக, முழு வாளியையும் தன் தலையில் கவிழ்த்தார்.

துள்ளினார். அந்தச் சத்தம் வந்தது. இரண்டு வருடங்களாக நான் கேட்காத சத்தம், கொஞ்சமும் பழுதுபடாமல், முழுதாக வந்தது. அதன் முடிவில், பழக்கத்தில், வீட்டின் பக்கம் திரும்பி, “ராத்தா, இந்தத் தண்ணி என்னக் கொல்லப் பாக்குது!” என்று கத்தினார். ராத்தா கல்முனையில் இருந்தார்.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. சொட்டுச் சொட்டாக வடிகிற அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு சிரித்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் தண்ணீருக்கு ஓங்கி ஓர் அடி போட்டது.

அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தண்ணீரை அடிப்பது என் கண்டுபிடிப்பு என்று நான் நினைத்திருந்தேன்.

கிணற்றடி முழுக்கச் சிரிப்பு. மாமியின் உம்மா கண்ணீர் வரச் சிரித்தார். இப்போது மகளை இடையில் வைக்க மறந்துபோய், “இன்னொண்டு ஊத்துங்க மருமகன்” என்று நேரே சொன்னார். மாமா இன்னொன்றை ஊற்றினார். மறுபடியும் ராத்தாவைக் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்தபோது மாமி மட்டும் அந்த ஒரு சொல்லுக்குச் சிரிக்கவில்லை என்பதைக் கண்டேன். அது ஏன் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. என் கையில் மணிக்கூடு டிக்டிக்கென்றது. யாரும் தொடாத வள்ளம் கிணற்றுக் கட்டில் சரிந்து கிடந்தது. நானே வாயைத் திறந்து, என்னிடம் இருந்த ஒரேயொரு சாமானை அவளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பின்னேரம் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வயலிலிருந்து வந்த மாமனாரின் சேட்டைப் போட்டிருந்தார். அது தோளிலிருந்து வழிந்தது. அந்த வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது அவர் இருமவில்லை. யாரும் கதிரை துடைக்கவும் இல்லை. மாமி வள்ளத்தைத் துடைத்து, தொதல் டின்னோடு சேர்த்து என் பையில் வைத்திருந்தார். இது உனக்குத்தான் சரி என்று சொல்லித்தான் வைத்தார். நான் போட்ட கணக்கு ஒரு பகலுக்குள் பலித்துவிட்டது. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

மௌலவிசாப்புக்கு என்ன கோபம் என்று மாமா கேட்டார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தேன். பஸ் காரைதீவைத் தாண்டியது.

“அது என்ட,” என்றேன் கடைசியில்.

“எது?”

“அந்தச் சத்தம்.”

மாமா கையை என் தலையில் வைத்தார். அதில் குழந்தைப் பவுடர் மணத்தது. கல்முனையில் இறங்கும் வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் என்னை விட்டுவிட்டு, உம்மா தேநீர் வைக்கப் போக, நேரமாகிறது என்று அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பினார்.

இன்று யோசிக்கும்போது, மாமா எதையும் மறந்திருக்கவில்லை என்பது தெரிகிறது. முதல் வாளியை அவர் எனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கவும் இல்லை. பெண் வீட்டுக்கு வந்த மருமகன், மாமியாரும் மைத்துனிமாரும் பார்த்திருக்க, தலையில் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டு ஆட்டுக்குட்டி போலக் கத்த முடியாது. யாராவது முதலில் கேட்கவேண்டும். தன்னைக் கேளுங்கள் என்று அவரால் சொல்ல முடியாது, அவர்களுக்கோ எதைக் கேட்பதென்று தெரியாது. விளையாட்டுச் சாமான் தெரிவுசெய்யத்தான் அவர் என்னை அழைத்துப் போனாரா என்று பிற்காலத்தில் ஒருமுறை அவரிடமே கேட்டேன். வள்ளம் இன்னும் ஓடுகிறதா என்று திருப்பிக் கேட்டார்.

என் கலியாணத்தன்று என் கணவர் மருதமுனையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரோடு அவருடைய ராத்தாவின் மகளும் வந்தாள், ஏழு வயது. நான் நீட்டிய கேக்கை வாங்காமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி நின்றாள். வெட்கப்படுகிறாள் என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். கேக்கைத் திரும்பத் தட்டில் வைத்தேன். இப்போது அவளுக்கே ஒரு பிள்ளை. சென்ற மாதம் கல்முனைக் கடையொன்றில் குளியல் சாமான்கள் பார்த்துக்கொண்டு நின்றேன். வாத்துக் குடும்பம், சுவரில் ஒட்டுகிற மீன், நிறம் மாறுகிற ஆமை என்று ஒரு சுவர் முழுக்க இருந்தது. எதை எடுப்பது என்று அவளுக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன்.

“சாமான் ஒண்டும் வேணாம் மாமி. எங்கட மாமாவ ஒருக்கா அனுப்புங்க, அது போதும்,” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் வாத்தையும் எடுத்தேன், என் கணவரையும் அனுப்பினேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. விடிந்து எழும்பியதும், ஓதப் போகுமுன், நான் முதலில் கிணற்றடிக்குத்தான் போனேன். வள்ளத்தை எடுத்துப் போகவில்லை. பழைய சருவத்தை நிமிர்த்தி வைத்து, அதற்கு எதிரே மாமா குந்துகிற இடத்தில் குந்தினேன். ஒரு வாளித் தண்ணீர் அள்ளி என் தலையில் ஊற்றினேன். துள்ளினேன். எனக்கு ஏலாது என்று முதல்நாள் சொன்ன அந்தச் சத்தத்தை எழுப்பிப் பார்த்தேன். ஏறக்குறைய வந்தது. முடிவில் குசினிப் பக்கம் திரும்பி, குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, ராத்தா, இந்தத் தண்ணி என்னக் கொல்லப் பாக்குது என்று கத்தினேன்.

குசினிக்குள் ஏதோ பாத்திரம் விழுந்தது. உம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் ரொட்டி மாவோடு, நான் அதுவரை பார்த்திராத வேகத்தில் வெளியே வந்தார்.

“தம்பி?”

கிணற்றடியில் நான் மட்டும் இருந்தேன். உம்மா என்னைப் பார்த்தார், வெறும் சருவத்தைப் பார்த்தார், வேலிக் கடப்பைப் பார்த்தார். விடியற்காலையில் தலை நனைத்ததற்காக ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் மாவுக் கையோடு உள்ளே போனார். ஏன் ஏசவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. தலை துவட்டிக்கொண்டு ஓதப் போனேன்.